பட்டறைச் சாவி யார் கையில்?



போன ஆடிப்பட்டத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லி இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். எங்கள் காடு தருமபுரிப் பக்கம், மானாவாரி. ஆடியில் வெள்ளைச் சோளமும் ஊடே துவரையும் போடுவேன். ஆள் பற்றாக்குறைக்குப் பயந்து கையால் தள்ளுகிற விதைப்பான் ஒன்று வாங்கினேன். அதோடு வந்த விதைத் தட்டுகளோ மக்காச்சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் அளவெடுத்துச் செய்தவை. நம்ம நாட்டுச் சோளத்தைப் போட்டால் ஒரு குழியில் மூன்று, நான்கு விதை விழுகிறது. போன வழியெல்லாம் கொத்துக் கொத்தாக முளைப்பு. பிறகு நெருக்கத்தைக் கலைத்துவிட ஆள் விட்டேன். விதைப்பில் மிச்சம் பிடித்த கூலி அங்கே போய்விட்டது.

விற்ற கடையில் கேட்டேன். "நாட்டுச் சோளத்துக்கெல்லாம் தட்டு வர்றதில்லை சார்" என்றார்கள். லேத் பட்டறையில், "ஒவ்வொரு குழியா டிரில் போடணும், எல்லாம் ஒண்ணுபோல வராது, ஒரு நாள் வேலை ஆயிடும்" என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்னது நியாயம்தான். கடைசியில் என் அண்ணன் மகன் படிக்கிற பொறியியல் கல்லூரியில் லேசர் வெட்டும் இயந்திரம் இருப்பதாகத் தெரிந்து அங்கே போனேன்.

முதல் தடவை, கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டாவது தடவை, சாவி வைத்திருப்பவர் லீவு. மூன்றாவது தடவைதான் வேலை நடந்தது. இயந்திரத்தின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார்கள், தூசி தட்டினார்கள், நாலு நிமிஷத்தில் தட்டு கைக்கு வந்துவிட்டது. நாலு நிமிஷ வேலைக்கு மூன்று நாள் அலைச்சல்! அங்கிருந்த உதவியாளர் தம்பியிடம் கேட்டேன், "ஏம்ப்பா இவ்வளவு நல்ல மிஷினை மூடியே வெச்சிருக்கீங்க?" அவர் சொன்னார்: "சார், ஏதாவது உடைஞ்சா நான்தான் எழுதிக் கொடுக்கணும். மூடி வெச்சிருந்தா யாரும் கேட்க மாட்டாங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். தணிக்கைக்குப் பயந்து பூட்டி வைக்கிற பழக்கம் எனக்குத் தெரியாததல்ல. அதனால் அந்தத் தம்பி மேல் கோபம் வரவில்லை.

தட்டை ஊருக்குக் கொண்டு வந்து காட்டினேன். பக்கத்துக் காட்டு அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "எங்களையெல்லாம் உள்ள விடுவாங்களா சார்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடியது.

ஃபேப் லேப் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைப் பார்த்து, அதே அளவில் பொருளை வெட்டியோ, குடைந்தோ, அடுக்கடுக்காக ஊற்றியோ செய்து தரும் இயந்திரங்கள் இப்போது வந்துவிட்டன. பலகையையும் அக்ரிலிக் தகட்டையும் ஒளிக்கதிரால் அறுப்பது லேசர் கட்டர். மரத்தையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் சுழலும் முனையால் குடைவது சி.என்.சி. ரூட்டர். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருளைக் கட்டுவது த்ரீ-டி பிரிண்டர். இவற்றோடு சின்ன மின்னணுச் சுற்றுகள் செய்ய ஒரு மேசை. இவ்வளவையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, பொதுமக்கள் யாரும் வந்து தானே கற்று, தானே செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டால் அதுதான் ஃபேப் லேப்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்ற பேராசிரியர் 1998-ல் 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி' என்ற பெயரில் ஒரு வகுப்பு தொடங்கினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று வைத்த வகுப்பில், கை வேலை தெரியாத எல்லாத் துறைப் பிள்ளைகளும் வந்து மொய்த்தார்கள். அதிலிருந்து பிறந்த யோசனைதான் இந்தப் பொதுப் பட்டறைகள். இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் கேரளத்தில் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் அரசின் ஸ்டார்ட்அப் மிஷன் நடத்துகிறது.

இந்தப் பட்டறைகளுக்கென்று ஒரு பொதுச் சாசனம் உண்டு. அதன் சாரம் மூன்று கடமைகள்: யாருக்கும் காயம் படாமல் வேலை செய்யணும், பட்டறையைச் சுத்தமாக வைத்துப் பராமரிக்கணும், தான் கற்றதை எழுதி வைத்து அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கணும். மூன்றாவதைப் படித்தபோது எனக்கு ஆதிரெங்கம் நெல் திருவிழாதான் நினைவுக்கு வந்தது. நெல் ஜெயராமன் அங்கே 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரணும் என்பார். விதைக்கு நாம் செய்ததையே இவர்கள் வரைபடத்துக்குச் செய்கிறார்கள்.

பாபல்: தேவை முதலில் வந்த இடம்

இதெல்லாம் வெள்ளைக்கார ஊர் விஷயம் என்று நினைக்க வேண்டாம். எம்.ஐ.டி.க்கு வெளியே தொடங்கிய முதல் ஃபேப் லேப்களில் ஒன்று நம் நாட்டுக் கிராமத்தில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்தில் பாபல் என்ற ஊர். மழை குறைந்த வறட்டுப் பூமி, நம் தருமபுரி மாதிரி. அங்கே விஞ்ஞான் ஆசிரமம் என்ற கல்வி நிலையத்தில் 2002-ல் அது தொடங்கியது.

அந்த ஆசிரமத்தைத் தொடங்கியவர் டாக்டர் எஸ்.எஸ். கல்பாக். உணவுத் தொழில்நுட்பத்தில் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கியவர். மைசூரு உணவு ஆராய்ச்சி நிலையத்திலும், பிறகு ஒரு பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்திலும் வேலை பார்த்துவிட்டு, 1983-ல் பாபலுக்கு வந்தார். பள்ளிப் படிப்பை விட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வெல்டிங், வயரிங், கட்டட வேலை, விவசாயம், கால்நடை, உணவு பதப்படுத்தல் எல்லாவற்றையும் கையால் செய்து கற்க வைத்தார். செய்கிற வேலை ஊருக்குப் பயன்படுகிற வேலையாக இருக்கணும் என்பது அங்கே விதி. கதவு வேண்டுமென்றால் கதவு, குழாய் கெட்டால் குழாய்.

அந்த மாதிரி ஒரு இடத்துக்கு லேசர் கட்டர் வந்தபோது, 'இதை வைத்து என்ன செய்யலாம்?' என்று யாரும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. கேள்விகள் ஏற்கெனவே வரிசையில் நின்றன. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று ஊரிலேயே அளக்க முடியுமா? பம்புசெட் டீசல் எஞ்சின் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குறைந்த விலையில் ஒரு கருவி செய்ய முடியுமா? பால்காரரிடமும் மெக்கானிக்கிடமும் ஏமாறுகிற எந்த விவசாயியும் கேட்கக்கூடிய கேள்விகள்தான்.

கல்பாக் 2003-ல் காலமானார். ஆசிரமமும் பட்டறையும் தொடர்கின்றன. பாபலிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: இயந்திரம் வருவதற்கு இருபது வருஷம் முன்பே அங்கே கதவு திறந்துவிட்டது. எட்டாவது படித்த பையனும் உள்ளே வரலாம் என்ற வழக்கம் ஏற்கெனவே இருந்தது. இயந்திரம் அந்த வழக்கத்துக்குள் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

பார்சிலோனா: கதவைத் திறந்தும் நடந்த தகராறு

இதற்கு நேர்மாறான கதை ஒன்று. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகராட்சி, ஒவ்வொரு பகுதியிலும் நூலகம் மாதிரி ஒரு பொதுப் பட்டறை இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, 2013-லிருந்து திறக்க ஆரம்பித்தது. நல்ல எண்ணம், நகராட்சிப் பணம், புது இயந்திரங்கள். சியுதாத் மெரிதியானா என்ற பகுதிக்கும் ஒன்று ஒதுக்கினார்கள். வேலை இல்லாதவர்களும், கடன் கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்களும் நிறைந்த பகுதி அது. பட்டறைக்குத் தேர்ந்தெடுத்த கட்டடமோ அந்த மக்கள் உணவுப் பொருள் வங்கி நடத்தி வந்த இடம்.

மக்கள் என்ன செய்வார்கள்? கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். "எங்களுக்குச் சோறு வேண்டும், உங்கள் த்ரீ-டி பிரிண்டரை யார் கேட்டது?" என்ற கோபம். பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. அந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி, மக்களின் தேவைக்கு முன்னுரிமை என்ற பேச்சோடுதான் பட்டறை அங்கே காலூன்ற முடிந்தது.

கடன் மேளா நடத்திய காலத்தில் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். இலக்கு வந்துவிட்டது என்பதற்காக, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். மோட்டார் திண்ணையில் கிடக்கும், வட்டி மட்டும் ஓடும்.

ஆனால் அதே பார்சிலோனாவிடம் கற்க ஒரு நல்ல விஷயமும் உண்டு. அங்கே பட்டறையைப் பயன்படுத்துகிற மக்களிடம் பணத்துக்குப் பதிலாகக் கைமாறு கேட்கிறார்கள். வேலை முடித்தவர் தான் செய்ததை எழுதித் தரலாம், அல்லது புதிதாக வருபவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கையில் காசு இல்லாதவரும் கூச்சமில்லாமல் உள்ளே வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிரான்ஸ்: பட்டறை உழவரைத் தேடி வந்தது

பிரான்சில் லட்டெலியே பேய்சான் என்று உழவர்களே நடத்துகிற ஒரு கூட்டுறவு இருக்கிறது. 'உழவர் பட்டறை' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். 2009-ல் இயற்கைக் காய்கறி விவசாயிகள் சிலர் தங்கள் களைக்கருவிகளைத் தாங்களே செய்ய ஆரம்பித்து, 2014-ல் கூட்டுறவாக ஆனார்கள். வெல்டிங், அறுவை இயந்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். சில நாள் பயிற்சியின் முடிவில் விவசாயி தான் செய்த கருவியோடு வீட்டுக்குப் போவார். வரைபடங்கள் எல்லாம் இலவசம்.

கவனியுங்கள், இவர்களிடம் முக்கியமான வேலை இரும்பும் வெல்டிங்கும்தான். கம்ப்யூட்டர் வரைபடம் போட உதவுகிறது. மண்ணில் இறங்குகிற கருவியை இரும்பில்தான் செய்கிறார்கள். 'டிஜிட்டல்' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம்.

நடைமுறைப் பாடம்: உங்கள் விதைக்கு உங்கள் தட்டு

இனி கைவேலைக்கு வருவோம். விதைத் தட்டு செய்ய நான் கற்ற கணக்கு இது. வெர்னியர் அளவுகோல் ஒன்று வேண்டும், சாதாரணமானதே போதும்.

1. விதை நேர்த்தி செய்த பிறகே அளக்கணும். பீஜாமிர்தத்தில் நேர்த்தி செய்த விதையை நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் குழியில் ஒட்டும்.

2. குவியலின் பல இடங்களிலிருந்து 20 விதை எடுத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் கனத்தையும் அளந்து எழுதுங்கள். என் சோளத்தில் பெரிய விதையின் நீளம் 4 மில்லிமீட்டர், கனம் 2.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

3. குழியின் விட்டம், பெரிய விதையின் நீளத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும். எனக்கு 4.5 மில்லிமீட்டர்.

4. தட்டின் கனம் விதையின் கனத்தை ஒட்டி இருக்கணும். இங்கேதான் நான் தவறினேன். முதல் தட்டை 5 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் வெட்டினேன். குழி ஆழமாகிவிட்டதால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விதை உட்கார்ந்தது. 3 மில்லிமீட்டருக்கு மாற்றிய பிறகு சரியானது.

5. எத்தனை குழி என்பதற்குச் சக்கரத்தின் சுற்றளவு தெரியணும். என் விதைப்பானின் சக்கர விட்டம் 40 சென்டிமீட்டர். 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு சுமார் 126 சென்டிமீட்டர். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் தட்டும் ஒரு சுற்று சுற்றுகிறது. செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் வேண்டும். 126-ஐ 15-ஆல் வகுத்தால் 8.4. ஆக 8 குழி. இடைவெளி 15.7 சென்டிமீட்டர் வரும், பரவாயில்லை. உங்கள் விதைப்பானில் சங்கிலிப் பல்சக்கரம் இருந்தால், சக்கரம் ஒரு சுற்றுக்குத் தட்டு எத்தனை சுற்று என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

6. காட்டில் இறக்குவதற்கு முன் சோதனை. சக்கரத்தைத் தூக்கி வைத்து, கீழே துணி விரித்து, 20 சுற்று கையால் சுற்றுங்கள். 8 குழிக்கு 160 விதை விழணும். என் முதல் தட்டில் 290 விழுந்தது. சரி செய்த தட்டில் 171. சோளத்துக்கு அது போதும்.

இரண்டாவது அக்ரிலிக் தட்டு நடு போல்ட் பக்கத்தில் விரிசல் விட்டது. அக்ரிலிக் அப்படித்தான், இறுக்கினால் வெடிக்கும். மூன்றாவதை, சமையலறையில் காய் நறுக்கப் பயன்படுகிற கெட்டிப் பாலிஎத்திலீன் பலகையின் மெல்லிய தகட்டில் செய்தேன். அது லேசரில் வெட்டினால் உருகி இழுக்கும். அதனால் எங்கள் டவுனில் மரக் கதவுக்குப் பூ வேலை செய்கிற சி.என்.சி. கடைக்குப் போனேன். அதே வரைபடம், 250 ரூபாய், அரை மணி நேரம். அந்தத் தட்டுதான் இன்றைக்கும் ஓடுகிறது. பொதுப் பட்டறை பக்கத்தில் இல்லாதவர்கள் இப்படிப்பட்ட கடைகளையும் நினைவில் வையுங்கள். வரைபடம் கையில் இருந்தால் எந்த ஊர் இயந்திரத்திலும் அது பொருளாகும்.

எது ஆகும், எது ஆகாது?

விதைத் தட்டு, தெளிப்பானின் உடைந்த பிடி, சொட்டுநீர்க் குழாய்க்கான இணைப்பு, தேனீப் பெட்டியின் சட்டம், தானியம் சலிக்கும் தட்டின் மாதிரி, மண் ஈரம் காட்டும் சின்னக் கருவி ஆகியவை இந்தப் பட்டறையில் நன்றாக வரும். கொழு, மண்வெட்டி, களைவெட்டி, அரிவாள் இவற்றுக்கு நம்ம ஊர்க் கொல்லர்தான். அவருடைய உலைக்கு ஈடாக எந்த லேசரும் வராது. கொல்லரை ஒதுக்கிவிட்டு வருகிற பட்டறை நமக்கு வேண்டாம். அவரையும் உள்ளே கூட்டிப் போகணும். நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்.

மூன்று எச்சரிக்கைகள். பி.வி.சி.யை ஒருபோதும் லேசரில் வெட்டக் கூடாது. குளோரின் கலந்த நச்சுப் புகை வரும். ஆளுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு. த்ரீ-டி பிரிண்டரில் அதிகம் பயன்படுகிற பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் இளகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் வைத்தால் வளைந்து போகும். உடைந்த பிளாஸ்டிக் துண்டைக் காட்டிலேயே விட்டுவிடாதீர்கள். மண்ணைக் காப்பாற்ற வந்த நாமே அதில் பிளாஸ்டிக்கைப் புதைக்கலாமா?

இயற்கை விவசாயிக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடையை நம்பியிருந்ததை விட்டோம். விதையை மீட்டோம். அந்த விதையைப் போடுகிற கருவிக்கு மட்டும் மக்காச்சோளத்துக்கு அளவெடுக்கிற கம்பெனியை நம்பியிருந்தால், கொஞ்ச நாளில் கருவிக்கு ஏற்ற விதையைத்தான் போடுவோம். என் காட்டில் அந்த எண்ணம் ஒரு தடவை வந்தது. "பேசாமல் மக்காச்சோளமே போட்டுடலாமா" என்று யோசித்தேன். நாட்டு விதை இப்படியும் தொலையும்.

நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் கதவுகள்

தமிழ்நாட்டில் இந்த இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ஒரு தனியார் தொழில்நுட்ப நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. சி.என்.சி., த்ரீ-டி பிரிண்டர் எல்லாம் அதில் வந்திருக்கின்றன. மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் நாடு முழுவதும் 10,000 பள்ளிகளுக்கு இயந்திரங்கள் போயிருக்கின்றன. நம் பள்ளிகளும் அதில் உண்டு. பொறியியல் கல்லூரிகளைக் கேட்கவே வேண்டாம்.

எல்லாம் மாணவர்களுக்காக வாங்கியவை. அதில் தப்பில்லை, அவர்கள் படிப்புக்குத்தான் முதல் உரிமை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், சனிக்கிழமை மதியம், கோடை விடுமுறையில் அவை சும்மா இருக்கின்றன. அந்த நேரத்தில் நாம் உள்ளே போக முடியுமா? கதவைத் தட்டுவதற்கு முன், சாவி வைத்திருக்கிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். உடைந்தால் யார் பொறுப்பு? யாருக்காவது கை வெட்டிக்கொண்டால்? மூலப்பொருள் தீர்ந்தால் எந்தக் கணக்கு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் போனால், எவ்வளவு நல்ல மனுஷரும் "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்வார். நானும் வங்கியில் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்!

எங்கள் குழு அந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு போனது. நீங்களும் செய்யலாம்.

ஒன்று: முதலில் தேவையைச் சேகரியுங்கள். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஒரு உடைந்த பாகமோ, பொருந்தாத பாகமோ கொண்டு வரச் சொல்லுங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கருவியை அதிகம் பிடிப்பவர்கள் அவர்கள், கூட்டத்தில் வாய் திறப்பவர்கள் நாம். பத்துப் பொருளாவது சேர்ந்தால் மட்டும் அடுத்த படி.

இரண்டு: மாதத்தில் இரண்டு அரை நாள் மட்டும் கேளுங்கள். 'எப்போதும் திறந்து விடுங்கள்' என்று கேட்டால் எப்போதும் திறக்காது.

மூன்று: குழுவில் இரண்டு இளைஞரைப் பொறுப்பாளராகப் பயிற்றுவிக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தைத் தொடுவது அவர்கள் மட்டும். ஒருவர் பெண்ணாக இருந்தால் மற்றப் பெண்களும் தயங்காமல் வருவார்கள்.

நான்கு: மூலப்பொருளை நாமே கொண்டு போகணும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு தொகை பழுது நிதிக்கு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் கணக்கில், இல்லையென்றால் குழுவின் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். தொடக்கத்தில் ஒரு முன்வைப்பும் காட்டுங்கள். சாவிக்காரரின் பயத்தில் பாதி அங்கே தீரும்.

ஐந்து: ஒரு பதிவேடு. தேதி, யார், என்ன பாகம், என்ன பொருள், அளவு, எங்கே தவறியது, எப்படிச் சரியானது. தவறியதை மறைக்காமல் எழுதணும். என் 5 மில்லிமீட்டர் தட்டைப் பற்றி எழுதி வைத்தால் அடுத்தவருக்கு ஒரு தகடு மிச்சம்.

ஆறு: கைமாறு. பணம் தர முடியாதவர் பட்டறையைப் பெருக்கட்டும், வரைபடம் எழுதட்டும், மாணவருக்குத் தன் காட்டைக் காட்டட்டும். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு உண்மையான வேலை கிடைப்பது நாம் கொடுக்கிற பெரிய கைமாறு. புத்தகத்துக் கணக்கைச் செய்து செய்து சலித்தவர்கள் அவர்கள்.

இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி முதல்வருக்குக் கொடுங்கள். அரசு ஐ.டி.ஐ.க்களில் மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதன் கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தனி மனிதரின் தயவில் திறந்த கதவு அவர் மாறுதலாகிப் போனால் மூடிக்கொள்ளும். தீர்மானமாக எழுதிய கதவு நிற்கும்.

அக்காவுக்குப் பதில்

நாங்கள் கொடுத்த கடிதத்துக்கு, ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு சனிக்கிழமை மதியம் 'சோதனைக்கு' என்று அனுமதி கொடுத்தார்கள். நிரந்தரம் இன்னும் ஆகவில்லை. முதல் சனிக்கிழமை ஏழு பேர் போனோம். பக்கத்துக் காட்டு அக்காவும் வந்தார்கள், தன் சக்கரக் களைக்கருவியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு. கைப்பிடி ஆண்கள் உயரத்துக்குச் செய்தது. அரை நாள் தள்ளினால் தோள்பட்டை இறங்கிவிடுகிறது என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கேட்க ஆள் இல்லை.

இரண்டாம் வருஷ மாணவன் ஒருவன் அக்காவை நிற்க வைத்து அளவெடுத்தான். கைப்பிடியை உயரம் மாற்றிப் பூட்டிக்கொள்ள, வரிசையாகத் துளை போட்ட இரும்புப் பட்டை இரண்டு செய்தான். லேசரும் இல்லை, பிரிண்டரும் இல்லை, டிரில்லும் அரமும்தான். அக்கா அங்கேயே வராண்டாவில் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு துளை கீழே இறக்கு தம்பி" என்றார்கள். இறக்கினான்.

பதிவேட்டில் அந்தப் பட்டையின் அளவும், என் சோளத் தட்டின் அளவும் இருக்கின்றன. வேண்டுவோர் இதழ் முகவரிக்கு எழுதுங்கள், நகல் அனுப்புகிறோம். விலை கிடையாது. ஆதிரெங்கத்து வழக்கப்படி ஒரே நிபந்தனை: ஒரு வரைபடம் வாங்கினால், உங்கள் விதைக்கோ உங்கள் உயரத்துக்கோ மாற்றிய இரண்டு வரைபடம் அடுத்த பட்டத்துக்குள் திருப்பி வரணும்.